கோல்ட் மெசேஜ்: முகமறியா மடல்

கொழும்பு வெள்ளவத்தையில் இணையத்தளம் செய்துகொடுக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் கதைத்தால் இந்தச் சொல் வந்துவிடும். ‘பத்து கோல்ட் மெசேஜ் அனுப்பினனான், ஒருத்தரும் பதில் போடேல்லை.’ முன்பின் பழக்கமில்லாத ஒருவருக்கு வேலை கேட்டு நாமாகவே எழுதுவதுதான் கோல்ட் மெசேஜ். அது மின்னஞ்சலாகவும் வரலாம், லிங்க்ட்இன் செய்தியாகவும் வரலாம். தமிழ் எழுத்தில் இதற்கு ஓர் இடைஞ்சல் உண்டு. ‘கோல்ட்’ என்று எழுதினால் குளிரா தங்கமா என்று தெரியாது. நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவில் இந்த எழுத்துகளைப் பார்ப்பவருக்குத் தங்கம்தான் நினைவுக்கு வரும்.

ஆங்கிலத்தில் இந்தக் ‘கோல்ட்’, முன்னறிமுகமோ முன்னறிவிப்போ இல்லாமல் நேரே போய் நிற்பதைக் குறிக்கிறது. காப்புறுதி முகவரும் பங்குத் தரகரும் தெரியாத எண்ணுக்குக் கோல் எடுப்பது ‘கோல்ட் கோல்’. அந்த வழக்கம் மின்னஞ்சலுக்குத் தாவியபோது பெயரும் கூடவே வந்தது. தெரிந்தவர் ஒருவர் சொல்லி அனுப்பினால் அது ‘வோர்ம்’, அதாவது வெதுவெதுப்பு. குளிர்நாட்டாருக்கு வெப்பம் நெருக்கம், குளிர் விலகல். நமக்கு நேர்மாறு. மனம் குளிர்கிறது, கண் குளிரப் பார்க்கிறோம், கோபம் வந்தவர்தான் சூடாகிறார். ‘குளிர் மடல்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அன்பு மடல் என்றல்லவா பொருள்படும்!

எனக்குப் பிடித்த சொல் முகமறியா மடல். அறிமுகம் என்ற சொல்லுக்குள்ளேயே அறிந்த முகம் இருக்கிறது. இங்கே அது இல்லை. முகம் என்பது மடலையும் தொட்ட சொல்தான். பெரியவர்களிடமிருந்து வரும் கடிதத்தைத் திருமுகம் என்றார்கள். பாணபத்திரர் என்ற இசைப்பாணருக்குப் பொருள் கொடுக்கும்படி மதுரை ஆலவாய் இறைவன் சேர மன்னர் சேரமான் பெருமாளுக்கு எழுதியதாகச் சொல்லப்படும் திருமுகப் பாசுரம், பதினோராம் திருமுறையின் முதலில் நிற்கிறது. அசல் சிபாரிசுக் கடிதம் அது. கொழும்பில் இன்றும் பாதி வேலை ‘மாமாவுக்குத் தெரிஞ்ச ஆள்’ வழியாகத்தான் வருகிறது. அப்படி ஒரு மாமா இல்லாத பிள்ளைக்கு முகமறியா மடல்தான் வழி. அதனால்தான் இந்தச் சொல்லில் எனக்கு இவ்வளவு அக்கறை.

இதனோடு சேர்ந்து வரும் இன்னொரு சொல் ‘பெர்சனலைஸ்’. மென்பொருள்களில் ‘தனிப்பயனாக்கம்’ என்று போடுகிறார்கள், வாயில் நுழையவில்லை. ஆளறிந்து எழுதுதல் என்றால் போதும். புறநானூற்றின் 208 ஆம் பாட்டில் இதற்கு வேர் இருக்கிறது. குன்றும் மலையும் கடந்து வந்த பெருஞ்சித்திரனாரை அதியமான் நேரில் பாராமலே பரிசில் கொடுத்து அனுப்பினான். புலவர் வாங்கவில்லை. ‘என்னை யாங்கு அறிந்தனனோ’ என்று கேட்டார். ‘காணாது ஈத்த’ பொருளை ஏற்க நான் வாணிகப் பரிசிலன் அல்லேன், தினையளவே ஆனாலும் என் தகுதியறிந்து தருவதே இனிது என்றார். அங்கே கொடுப்பவன் காணவில்லை. இங்கே கேட்பவர் காண்பதில்லை. ஆனால் மடலைத் திறப்பவர் மனதில் எழும் கேள்வி அதேதான்: என்னை எப்படி அறிந்தாய்?

‘மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மணி, எனக்கு ஐந்து வருட அனுபவம்’ என்று நூறு பேருக்கு ஒரே மடலை அனுப்புவது காணாது ஈத்தது. ஆளறிந்த மடல் வேறு மாதிரி இருக்கும். இலண்டனில் ஒரு பல் வைத்தியரின் தளம் என்று வைத்துக்கொள்வோம். ‘உங்கள் தளத்தைக் கைத்தொலைபேசியில் திறந்தேன். நேரம் பதிவுசெய்யும் பொத்தான் திரைக்கு வெளியே போய்விடுகிறது, படம் இணைத்திருக்கிறேன். திருத்தும் வழியை எழுதி அனுப்பட்டுமா?’ நாலே வரி. எழுத இரண்டு நிமிடம், பார்க்க அரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலத்துக்குத்தான் விலை. வேலை கேட்போர் வரிசையாக நிற்கும் தளங்களில் பேச்சு விலையில் தொடங்கும். யார் குறைத்துக் கேட்டார் என்பதே அங்கே கணக்கு. இங்கே பேச்சு அவருடைய இடரில் தொடங்குகிறது. பதிவு செய்ய முடியாமல் திரும்பிப் போன ஒரு நோயாளியால் என்ன நட்டம் என்று அவருக்குத் தெரியும். நல்ல சம்பளம் அந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

எரிதம் வேறு, இது வேறு. எரிதம் என்பது ஸ்பாமுக்கு, அதாவது கேளாமலே மொத்தமாக வந்து குவியும் குப்பை மடலுக்குத் தமிழில் ஆக்கிய சொல். ஆனால் அமெரிக்காவின் 2003 ஆம் ஆண்டு கான்-ஸ்பாம் சட்டம் வணிக மின்னஞ்சல் எல்லாவற்றுக்கும் பொருந்தும். தலைப்பு வரி ஏமாற்றக் கூடாது, அஞ்சல் முகவரி இருக்க வேண்டும், வேண்டாம் என்பவர் விலக வழி வேண்டும். அங்குள்ளவருக்கு எழுதுபவர் இதைக் கவனிக்க வேண்டும்.

மடலைப் பெறுபவரை எப்படி அழைப்பது? ‘கிளையன்ட்’ என்பதற்குப் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையின் வழக்கறிஞர்கள் கட்சிக்காரர் என்பார்கள், கடைக்காரர்கள் வாடிக்கையாளர் என்பார்கள். வாடிக்கை என்றால் வழக்கம். இன்னும் முகம் பாராதவர் எப்படி வாடிக்கையாளர் ஆவார்? பதில் வரும்வரை அவர் பெறுநர் மட்டுமே.

வழக்கில் இப்படி வரும்: ‘இலண்டனில் காலை ஒன்பது மணி, அங்கே குளிர்காலம் எண்டால் இங்கே பின்னேரம் இரண்டரை, கோடை எண்டால் ஒன்றரை. அதுக்குள்ள இண்டைக்கு ஒரு முகமறியா மடல் எழுதவேணும், ஆளின்ர தளத்தை இன்னும் பார்த்து முடிக்கேல்லை.’