விசாரணை: விமான விபத்துக்கு இந்தச் சொல் பொருந்துமா?

உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது. பெயர் பருந்து. 2009-இல் அந்தப் பெயர் சூட்டப்பட்டது. மண்டபம், பாம்பன் பக்கம் குடியிருப்பவர்களுக்கு டோர்னியர் விமானத்தின் சத்தம் காதுக்குப் பழகிப்போனது. உடலுக்கு மேலே சிறகு, பக்கத்துக்கு ஒரு விசிறி. பாக் விரிகுடாவான வடகடலையும் மன்னார் வளைகுடாவான தென்கடலையும் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கும்.

சில வருடங்களுக்கு முன்னால் என் சித்தப்பாவின் வலைமடியில் மீனோடு ஒரு தகடு ஏறி வந்தது. முழங்கை நீளம், அலுமினியம், ஓரத்தில் நெருக்கமாக ரிவெட் அடித்த வரிசை. படகில் இருக்கிற எதுவும் அப்படி இருக்காது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டதாம். என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"திரும்பக் கடல்லயே போட்டுட்டேன்ப்பா. கரைக்குக் கொண்டுவந்தா விசாரணைன்னு நாலு நாளைக்கு அலையணும். பாடு போயிரும்."

வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் கடலுக்குப் போகிற விசைப்படகில் ஒரு நாள் வீணாய்ப் போனாலும் நஷ்டம்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தத் தகடு எதிலிருந்து வந்தது என்பது இனி யாருக்கும் தெரியாது. அவர் கையைத் தடுத்தது ஒரு சொல். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தேட ஆரம்பித்தேன்.

விசாரணை வடசொல். 'சர்' என்ற வினையடிக்கு நடத்தல், இயங்குதல் என்று பொருள். ஆசாரம், உபசாரம், பிரசாரம், சஞ்சாரம் எல்லாம் அதே வேரில் கிளைத்தவை. 'வி' என்ற முன்னொட்டு சேர்ந்தால் பல பக்கமும் சென்று வருவது என்றாகும். மனம் ஒன்றைச் சுற்றிப் பல பக்கமும் போய்வருவது விசாரம், அதாவது ஆழ்ந்து எண்ணுதல். ரமணர் 'நான் யார்' என்று கேட்கச் சொன்ன ஆத்ம விசாரம் இந்தப் பொருளில்தான் வருகிறது. தமிழில் விசாரத்துக்குக் கவலை என்ற பொருளும் ஏறியது. எண்ணி எண்ணிப் பார்ப்பது கவலையில் போய் முடிவது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

இன்னொரு கிளை பராமரிப்பு. பழைய தமிழ் வேதாகமத்தில் போத்திபார் யோசேப்பைத் தன் வீட்டுக்கு 'விசாரணைக்காரன்' ஆக்கினான் என்று வரும். வீட்டுப் பொறுப்பு முழுவதையும் கவனித்துக்கொள்கிறவன் என்று அர்த்தம். பேச்சு வழக்கில் இந்தக் கனிவு இன்னும் மிச்சம் இருக்கிறது. சுகம் விசாரிக்கிறோம். இறப்பு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போகிறோம். "அத்தை உன்னைய விசாரிச்சாங்க" என்றால் யாரும் பயப்படுவதில்லை.

அப்புறம் காவல் நிலையமும் நீதிமன்றமும் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டன. விசாரிப்பு வீட்டில் தங்கிவிட்டது, விசாரணை ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. எல்லைக்கோடு கடலுக்குள் ஓடுகிற எங்கள் கரையில் இந்தப் பொருள் இன்னும் கனமானது. இங்கே விசாரணை என்றால் யாரோ ஒருவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள், முடிவில் யார் மேலோ குற்றம் ஏறும்.

விமான விபத்தில் நடப்பது வேறு வேலை. பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1951-இல் ஏற்றுக்கொண்ட, சிகாகோ உடன்படிக்கையின் 13-ஆம் இணைப்பு இதற்கான அடிப்படை விதி. அடுத்த விபத்தைத் தடுப்பது ஒன்றே நோக்கம், பழியையோ பொறுப்பையோ யார்மீதும் சுமத்துவது இதன் வேலை இல்லை என்று அது தெளிவாகச் சொல்கிறது. விமானி அறையின் குரல் பதிவையும் சாட்சிகள் சொன்னதையும் வேறு காரியங்களுக்கு எளிதில் கொடுத்துவிடக் கூடாது என்றும் சொல்கிறது. பயமில்லாமல் பேசினால்தான் உண்மை வரும் என்பது அதன் அடிப்படை. இந்தியாவில் சிவில் விமானங்களுக்காக 2012-இல் ஏற்படுத்தப்பட்ட தனிப் பணியகம் இதே நோக்கத்தில்தான் இயங்குகிறது. படைகளின் விமானம் என்றால் அந்தந்தப் படை தனிக் குழு அமைக்கும்.

நம் செய்திகளில் அந்தப் பணியகத்தின் பெயர் ஒரு நாள் 'விமான விபத்து விசாரணைப் பணியகம்', மறுநாள் 'புலனாய்வுப் பணியகம்'. இரண்டிலும் போலீஸ் வாடை அடிக்கிறது. 2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்துக்கு ஒரு மாதம் கழித்து முதல்நிலை அறிக்கை வந்தபோது, யார் செய்தது என்றுதான் ஊரெல்லாம் பேசியது. சொல்லே அப்படித்தானே கேட்கத் தூண்டுகிறது?

உண்மையில் அந்த வேலை எப்படி நடக்கும் என்று பார்த்தால் சரியான சொல் தானாக வந்துவிடும். 2015 ஜூன் 8 மாலை சென்னையிலிருந்து கிளம்பிய கடலோரக் காவல்படை டோர்னியர் ஒன்று, தமிழகக் கரையையும் பாக் விரிகுடாவையும் கண்காணித்துவிட்டுத் திரும்பும் வழியில் இரவு தொடர்பு அறுந்து மறைந்தது. உள்ளே மூன்று பேர். கப்பல்கள் ஒரு மாதம் தேடின. சிந்துத்வஜ் என்ற நீர்மூழ்கி, கறுப்புப் பெட்டி என்கிற பதிவுக் கருவியோடு பொருத்தியிருந்த ஒலிப்பானின் சத்தத்தைப் பிடித்தது. பிறகு ஒலிம்பிக் கேன்யன் என்ற கப்பல் கடலூருக்கு அப்பால் ஏறக்குறைய 1,000 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைக் கண்டு பதிவுக் கருவியை மேலே எடுத்தது. அந்த ஒலிப்பான்களின் பாட்டரி அப்போது பொதுவாக 30 நாள் தாங்கும் அளவுக்கே செய்யப்பட்டது.

கடலிலிருந்து எடுத்த பதிவுக் கருவியைக் காயவிட மாட்டார்கள். நல்ல தண்ணீரில் மூழ்கவைத்தபடியே ஆய்வகத்துக்குக் கொண்டுபோவார்கள். காற்றுப் பட்டதும் உப்பு இரும்பைத் தின்னத் தொடங்கும் என்பதை எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விசிறி இதழ்கள் எந்தப் பக்கம் எப்படி வளைந்திருக்கின்றன என்று பார்த்து, மோதியபோது என்ஜின் வேகத்தில் ஓடியதா என்று கணிப்பார்கள். எச்சரிக்கை விளக்கின் சிறு பல்பைக்கூட விடமாட்டார்கள். உள்ளே இழை நீண்டு தளர்ந்திருந்தால், மோதிய கணத்தில் அது எரிந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். நான்கு பேர் உட்காரும் சின்ன விமானங்களிலும் பயிற்சி விமானங்களிலும் பெரும்பாலும் பதிவுக் கருவியே கிடையாது. அங்கே துண்டுகளும், பார்த்தவர் சொல்லும் நாலு வார்த்தையும்தான் ஆதாரம். சித்தப்பா திரும்பக் கடலில் போட்ட தகட்டை நான் மறக்க முடியாமல் இருப்பது இதனால்தான்.

இந்த வேலைக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம்? 'உசாவல்' என்று சிலர் எழுதுகிறார்கள். நல்ல பழைய சொல்தான், ஆனால் அதற்குக் கேட்டறிதல் என்ற பொருளே முன்னால் நிற்கிறது. பேசாத தகட்டிடம் எதை உசாவுவது? 'துப்புத் துலக்கல்' திருடனைத் தேடிப் போய்விடும்.

எனக்குப் பொருந்துவதாகத் தோன்றுவது 'ஆய்வு'. புலனாய்வு என்பதிலும் இதுதான் இருக்கிறது, முன்னால் ஒட்டிய புலன்தான் வழக்கில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டது. ஆய்வு படித்தவர் சொல், கல்லூரிச் சொல் என்று ஒதுக்க வேண்டாம். கீரை ஆய்கிறோம். எங்கள் வீடுகளில் மீன் ஆய்கிறோம். செதில், செவுள், குடல் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, வேண்டியதை வைத்து வேண்டாததைக் கழிக்கிற வேலை அது. கையும் கண்ணும் சேர்ந்து செய்வது, பொறுமை கேட்பது. தொல்காப்பிய உரியியல் ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாய் என்ற நான்கையும் 'உள்ளதன் நுணுக்கம்' என்று பொருள் சொல்லிச் சேர்த்து வைக்கிறது. இருப்பது நுண்ணிதாகிக்கொண்டே போவது. சிதைவுகளைத் தரையில் பரப்பிவைத்துப் பல்பின் இழைவரை போகிற வேலைக்கு இதைவிட நெருங்கிய பொருள் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே 'விபத்தாய்வு' என்று எழுதலாம். விபத்தும் வடசொல்தானே என்று கேட்பீர்கள். ஆமாம். அதற்கு 'ஏதம்' என்ற குறள் காலத்துச் சொல் உண்டு, 'நேர்ச்சி' என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஏதத்துக்குக் கேடு, குற்றம் என்ற பொருள்கள் இருப்பதால் பழியின் நிழல் மறுபடி வந்து விழும். விபத்து என்றால் மீன் ஏலம் விடுகிற அக்காவுக்கும் விளங்கும். அதை அப்படியே விட்டுவிடலாம். நீதிமன்றத்தில் விசாரணை இருக்கட்டும். பணியகத்தின் பெயரில் விபத்தாய்வு வரட்டும்.

சித்தப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "ஆய்வுக்கு வேணும், கொண்டாந்து குடுங்கன்னு இறங்குதளத்துல எழுதி ஒட்டியிருந்தா குடுத்திருப்பீங்களா?" கொஞ்ச நேரம் யோசித்தார். "யாரு எடுத்தது, எங்க எடுத்ததுன்னு கேப்பாங்கள்ல?"

"எங்கன்னு கேப்பாங்க. எத்தனை பாகம் ஆழத்துல, எந்தத் திசையிலன்னு கேப்பாங்க."

"அது சொல்லலாம்" என்றார். "அஞ்சு பாகம், முயல்தீவுக்குத் தெக்க."