கால் புண்ணில் பப்பாளிப் பால் தடவலாமா?

மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு பாட்டி சின்னப் புட்டியில் வெள்ளையாய் எதையோ கொண்டுவந்து நீட்டினார். "தம்பி, இதைத் தாத்தாவின் கால் புண்ணுக்குத் தினமும் தடவலாமா?"

பப்பாளிப் பால். இரண்டு நாள் தடவியும் ஆயிற்று. தாத்தாவுக்கு இருபது வருடச் சர்க்கரை. "எரியவே இல்லையாம்" என்றார் சந்தோஷமாக. எனக்கோ வயிற்றைக் கலக்கியது. சர்க்கரையால் நரம்பு மரத்துப்போன காலில் தோல் வெந்தாலும் தெரியாது.

புண்ணின் செத்த சதையைக் கரைக்கும் என்று பாட்டி நம்பியது முழுப் பொய்யும் இல்லை. பப்பாளிப் பாலில் பப்பைன் என்ற நொதி இருக்கிறது, புரதத்தை நறுக்கிப்போடும். ஆட்டுக்கறியில் பப்பாளிக்காய் சேர்த்தால் சீக்கிரம் வேகிறதே, அதே வேலைதான். தொழிலாக எடுப்பவர்கள் விடியற்காலையில் பழுக்காத காயின் தோலை இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் கீறுவார்கள். வெயில் ஏறினால் பால் குறையும். பழுத்துவிட்டால் அநேகமாக இருக்காது. வடிந்ததை 55 டிகிரிக்கு மேல் சூடேறாமல் உலர்த்தி, சுத்தப்படுத்தி, புரதத்தை எவ்வளவு வெட்டுகிறது என்று சோதித்த பிறகே இவ்வளவு வீரியம் என்று சொல்ல முடியும். பாட்டியின் புட்டியை யார் சோதித்தார்கள்? காய்க்குக் காய் வீரியம் மாறும். கிருமி வேறு.

ஆலையில் செய்த களிம்பிலேயே சிக்கல் வந்திருக்கிறது. கடும் ஒவ்வாமை வந்து சிலருக்கு ரத்த அழுத்தம் சரிந்ததால், அனுமதி பெறாத பப்பைன் களிம்புகளை நிறுத்தும்படி அமெரிக்க மருந்துத் துறை 2008இல் சொன்னது. ரப்பர் கையுறை போட்டால் அரிக்கிறது என்பவர்கள் இந்தப் பாலைத் தொடாமலிருப்பதே நல்லது.

அன்னாசியிலும் இதே கதைதான். நம் தெருவில் மிளகாயும் உப்பும் தூவி விற்கும் விக்டோரியா அன்னாசியை அதிகம் தின்றால் நாக்கு ரணமாகும். அதில் புரோமலைன் என்ற நொதிக்கும் பங்குண்டு. வியாபாரத்துக்கு அதைப் பெரும்பாலும் எடுப்பது பழத்திலிருந்து அல்ல, அறுவடைக்குப்பின் மிஞ்சும் தண்டிலிருந்து. அதில் செய்த தீக்காய மருந்துக்கு ஐரோப்பா 2012இல் அனுமதி தந்தது. சரி, மருந்துதானே என்று வீட்டில் பூசுவதற்கில்லை: மருத்துவமனையில் நிபுணர் பூசி, நான்கு மணி நேரத்தில் வழித்தெடுத்துவிடுவார். புரோமலைன் மாத்திரை வாங்க வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறீர்களா என்றுதான்.

ஏற்கெனவே தடவியிருந்தால், கொதித்து ஆறிய தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். தாத்தாவை அன்றே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். கட்டுப் போட அங்கே காசு வாங்குவதில்லை. படியிறங்கும்போது பாட்டி திரும்பி, "மரத்துல இன்னும் ஆறு காய் இருக்கே, தம்பி?" என்றார். கறியில் போடச் சொன்னேன்.