இறுகிய தோளை இழுத்துத் திறக்காதீர்கள்

மேற்கையில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போன நீலம். அதன்மேல் வலிக்கு ஒட்டும் இரண்டு கோயோ பிளாஸ்திரி. தோள் மட்டும் முன்னைவிட இன்னும் இறுக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருந்து பிசியோதெரபிக்கு வரும் ஐம்பது வயதுக்காரர்கள் பலரிடம் இந்த மூன்றும் சேர்ந்தே வருகின்றன. கேட்டால் ஒரே பதில்: "காத்து பிடிச்சிருக்குன்னு இழுத்துவிட்டாங்க. கத்திட்டேன். வலிச்சாத்தான்லா திறக்கும்னு சொன்னாங்க." போன வாரமும் அப்படி ஒருவர். இனியும் வாயால் சொல்லி மாளாது.

முதலில், உங்களுக்கு இருப்பது 'இறுகிய தோள்' (ஃப்ரோசன் ஷோல்டர்) என்ற இந்தக் கோளாறுதானா என்று பாருங்கள். விழவில்லை, அடிபடவில்லை. இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் வலி எழுப்பிவிடுகிறது. சில வாரங்களில் பெண்களுக்கு ரவிக்கைக் கொக்கி எட்டாது. ஆண்களுக்குப் பின்பாக்கெட் பர்ஸ் எட்டாது. காரில் சீட் பெல்ட்டை இழுக்க மற்ற கை வேண்டியிருக்கும். உரம் போட்டதால் வந்தது, பால்மரம் வெட்டியதால் வந்தது என்று வேலைமேல் பழி போடுவார்கள். பெரும்பாலும் அப்படியில்லை. அதிகம் புழங்காத கையில்கூட இது வரும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. முழங்கையை விலாவோடு ஒட்டி, 90 பாகைக்கு மடக்கி, கட்டைவிரல் மேலே பார்க்க வையுங்கள். முழங்கை விலாவை விட்டு நகராமல் முன்கையை மட்டும், கதவைத் திறப்பதுபோல், வெளிப்பக்கம் திருப்புங்கள். நல்ல கை எவ்வளவு போகிறது, வலிக்கும் கை எவ்வளவு போகிறது என்று ஒப்பிடுங்கள். பாதி தூரம்கூடப் போகவில்லை என்றால், அடுத்து வீட்டில் ஒருவர் அதே அசைவை மெதுவாகச் செய்து பார்க்கட்டும். தசைநார் கிழிந்த தோள் தானாக எழாது, பிறர் தூக்கினால் எழும். இறுகிய தோளை யார் அசைத்தாலும் அதே இடத்தில், சுவரில் முட்டியதுபோல், நின்றுவிடும். கையை மேலே தூக்கச் சொன்னால் தோள்பட்டை காதுவரை ஏறும், கை ஏறாது. "தூக்குறேனே" என்பார்கள். தூக்குவது தோள்பட்டையை.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. அதனால் 'ஒன்றுமில்லை' என்று ஆகிவிடாது. தேய்மானமோ மூட்டு விலகலோ இல்லை என்று உறுதி செய்யத்தான் அந்தப் படம்.

இப்போது இழுக்கும் விஷயத்துக்கு வருவோம். இறுகியிருப்பது தசை இல்லை, நரம்பு இல்லை, காற்றும் இல்லை. மூட்டைச் சுற்றியுள்ள உறை. அழற்சி வந்து, தடித்து, சுருங்கிப்போகிறது. நல்ல தோளின் மூட்டுறைக்குள் 15 முதல் 30 மில்லி திரவம் கொள்ளும். இறுகிய தோளில் பெரும்பாலும் 10 மில்லிகூடச் செல்லாது. அழற்சி கனன்று கொண்டிருக்கும் உறையைப் பிடித்து இழுத்தால் என்ன ஆகும்? புண்ணைக் கீறிக் கீறி ஆற்றப் பார்ப்பது மாதிரிதான். கீறின இடத்தில் இன்னும் தழும்பு, தழும்பினால் இன்னும் இறுக்கம். இழுத்த அன்று 'கொஞ்சம் லேசாக இருக்கிறது' என்று தோன்றும். மூன்றாம் இரவு தூக்கம் போய்விடும். எலும்பு பலவீனமான பெண்களுக்கு மேற்கை எலும்பே முறியலாம். மயக்கம் கொடுத்து ஆபரேஷன் தியேட்டரில் அறுவை மருத்துவர் தோளை நெகிழ்த்தும்போதே அந்த ஆபத்து உண்டு. நாற்காலியில் உட்காரவைத்துக் கையை முறுக்கினால் எப்படி இருக்கும்? மாக்சிக் (மலாய் அம்மா) போடும் ஊருட்டுக்கு, அதாவது உடம்பு பிடித்துவிடுவதற்கு, நான் எதிரியில்லை. கழுத்து, முதுகுத் தசையை எண்ணெய் விட்டு நீவிவிடட்டும், சுகமாகத்தான் இருக்கும். மூட்டை மட்டும் முறுக்க வேண்டாம்.

பிசியோக்களும் இதில் புனிதர்கள் இல்லை. வலியைத் தாண்டி அழுத்துவதைத் திறமை என்று நினைக்கும் ஆட்கள் எங்கள் தொழிலிலேயே உண்டு. 2004இல் நெதர்லாந்தில் 77 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. ஒரு குழுவுக்கு வலியைத் தாண்டிய தீவிரப் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு நோயை விளக்கிச் சொல்லி, வலி எல்லைக்குள் கையைப் புழங்கவிட்டுக் கண்காணித்ததோடு சரி. இரண்டு ஆண்டு கழித்து, கண்காணிக்கப்பட்ட குழுவில் 89 சதவீதத்தினர் ஏறக்குறைய இயல்பான தோளோடு இருந்தார்கள். தீவிரக் குழுவில் 63 சதவீதம்தான். சின்ன ஆய்வு, சீட்டுப் போட்டுக் குழு பிரித்ததும் இல்லை. ஆனாலும் முறுக்குபவர்கள் கையைக் கொஞ்சம் தளர்த்த அது போதும்.

சர்க்கரை. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு இனிப்புநீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் முன்னணியில் நிற்பது இந்தியர்களாகிய நாம்தான். இனிப்புநீர் உள்ளவர்களுக்குத் தோள் இறுகும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம், ஆறுவதற்கும் நாளாகும். சிலருக்குச் சர்க்கரை இருப்பதே தோள் வலிக்குச் சோதிக்கும்போதுதான் தெரியவருகிறது. அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைக் கேட்டு எடுங்கள். தைராய்டும் பார்த்துவிடுவது நல்லது.

வலி மூத்திருக்கும் ஆரம்ப மாதங்களில் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி நன்றாகவே உதவும். இதைச் சொல்வது ஒரு பிசியோ. எங்கள் பிழைப்புக்கே விரோதமான பேச்சு என்று சக தொழிலாளர்கள் முறைப்பார்கள். ஊசி தோளைத் திறந்துவிடாது; வலியைத் தணித்து, தூங்கவிட்டு, பயிற்சி செய்ய இடம் கொடுக்கும். ஒரு ஊசியால் எலும்பு கரைந்துவிடாது. இனிப்புநீர் உள்ளவர்களுக்கு அடுத்த சில நாள் சர்க்கரை எகிறும், ஆகவே ஒரு வாரம் தினமும் விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். இன்சுலின் போடுபவர்கள் அளவைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. பத்து நிமிடம் வெந்நீர்க் குளியல், பிறகு பயிற்சி. நல்ல கையை மேசைமேல் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு, உடம்பை ஆட்டி ஒரு நிமிடம் ஊஞ்சலாட விடுங்கள். கையில் மைலோ டின்னைப் பிடிக்க வேண்டாம், எடை அப்புறம். அடுத்தது, மேசைமேல் துணி போட்டு அதன்மேல் கையை வைத்து, முன்னால் சாய்ந்து நழுவவிடுங்கள், பத்து முறை. மூன்றாவதுதான் முக்கியம்: முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே சுருட்டிய துண்டு. இரண்டு கையிலும் மாப் கட்டையைக் குறுக்காகப் பிடித்து, நல்ல கையால் தள்ளி, வலிக்கும் முன்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். பத்து நொடி நிறுத்தி விடுங்கள். பத்து முறை, காலை மாலை. துண்டு கீழே விழுந்தால் முழங்கை ஏமாற்றுகிறது என்று அர்த்தம்.

முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து இழுக்கும் பயிற்சியை யூடியூப்பில் முதலில் காட்டுகிறார்கள். வலி மூத்திருக்கும் கட்டத்தில் அதைத் தொடவே வேண்டாம்.

வலி பத்துக்கு நாலைத் தாண்டக்கூடாது, பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிட வேண்டும். இரவு வலி கூடினால் மறுநாள் பாதியாகக் குறையுங்கள். மல்லாந்து படுக்கும்போது மேற்கைக்கு அடியில் மடித்த துணி வையுங்கள். முழங்கை பின்னால் சரியாமல் இருந்தாலே பாதித் தூக்கம் திரும்பும். கையைத் தொட்டில் கட்டி அசையாமல் வைப்பதும் தவறுதான். அதையும் நிறையப் பேர் செய்கிறார்கள்.

ஒன்றரை முதல் மூன்று ஆண்டுவரை ஆகலாம். ஆமாம், ஆண்டு. சிலருக்குக் கடைசியில் கொஞ்சம் இறுக்கம் மிஞ்சும். சுவரில் பென்சிலால் கோடு போட்டு, விரலால் ஏறி எட்டும் உயரத்தை வாரம் ஒருமுறை குறியுங்கள். தினமும் பார்த்தால் மனம்தான் வெறுத்துப்போகும்.

நடக்கும்போது, படியேறும்போது இடத்தோளிலும் நெஞ்சிலும் இறுக்கி, வியர்த்து, மூச்சு வாங்கினால் பயிற்சியும் வேண்டாம், கோயோவும் வேண்டாம். அது இதயமாக இருக்கலாம், ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். காய்ச்சல், உடம்பு மெலிதல், கை மரத்துப் பலவீனமாதல், வலிப்பு வந்த பிறகோ விழுந்த பிறகோ தோள் அசையாமல் போதல், இவையும் மருத்துவர் பார்க்க வேண்டியவை.

தைப்பூசத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது வந்து, "கல்லுமலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் நேர்ந்திருக்கேன், அதுக்குள்ள கையைத் தூக்க வச்சிடுங்க" என்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு. ஆறு வாரத்தில் ஆகாது அம்மா. சின்னச் செம்பாக எடுங்கள், வீட்டில் ஒருவர் தலையில் ஏற்றிவிடட்டும், நல்ல கையால் பிடித்துக்கொண்டு நடங்கள். கூட்டத்தில் யாரும் அவசரத்தில் அந்தக் கையைப் பிடித்து இழுத்துவிடாதபடி, வலிக்கும் தோள் பக்கம் மகனையோ மகளையோ நடக்கச் சொல்லுங்கள்.