‘சில்வர் பிளேஸ்’ கதையில் குதிரை ஏன் உதைத்தது?

ஆர்தர் கோனன் டாயிலின் ‘சில்வர் பிளேஸ்’ 1892 டிசம்பரில் ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் வெளிவந்த சிறுகதை. இங்கிலாந்தின் கிரனாடா தொலைக்காட்சி 1988-இல் ஜெரெமி பிரெட்டை ஷெர்லாக் ஹோம்ஸாக நடிக்கவைத்து அதைப் படமாக்கியது. நான் குதிரைகளுக்கு வைத்தியம் பார்ப்பவன் என்று அறிந்தவர்கள் இதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: குதிரையின் ஒரே உதையில் ஆள் இறந்துவிடுவாரா? இறந்துவிடக்கூடும், அதில் ஐயமே வேண்டாம். எனக்கு உறுத்துவது வேறு. அந்த உதைக்குக் கதை சொல்லும் காரணத்தின் ஒரு பாதியை இன்றும் லாயங்களில் பலர் நம்புகிறார்கள், நம்புவதாலேயே அடிபடுகிறார்கள். முடிவைச் சொல்லாமல் இதை விளக்க இயலாது. 130 ஆண்டுகளைக் கடந்த கதை என்பதால், இன்னும் பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கதை நடப்பது தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் பொட்டல்வெளியில். வெசெக்ஸ் கோப்பையை வெல்லும் என்று எல்லோரும் பணம் கட்டியிருந்த சில்வர் பிளேஸ் என்ற குதிரை ஓரிரவில் காணாமல் போகிறது. அதன் பயிற்சியாளர் ஜான் ஸ்ட்ரேக்கர், மண்டை நொறுங்கியும் தொடையில் வெட்டுக்காயத்துடனும், சற்றுத் தொலைவில் ஒரு பள்ளத்தில் பிணமாகக் கிடக்கிறார். வெளியாள் ஒருவரைப் போலீசார் பிடித்துவைக்க, ஹோம்ஸ் கண்டுபிடிப்பதோ முற்றிலும் வேறு. கடனில் மூழ்கியிருந்த ஸ்ட்ரேக்கர், தம் பொறுப்பிலிருந்த குதிரையையே நொண்டியாக்கி அது தோற்பதில் பணம் பார்க்கத் திட்டமிட்டார். காவலிருந்த பையனின் ஆட்டிறைச்சிக் குழம்பில் அபினைக் கலந்து அவனைத் தூங்கவைத்தார். கண்புரை அறுவைக்கான மெல்லிய கத்தியோடு குதிரையைப் பள்ளத்துக்கு நடத்திச் சென்றார். அங்கே குதிரை உதைத்தது. விழும்போது அவர் கத்தியே அவர் தொடையைக் கிழித்தது.

ஸ்ட்ரேக்கரின் திட்டத்தை ஒரு கால்நடை மருத்துவராகப் பார்த்தால், அது பாதி சரி. பின்னங்காலின் தசைநாணில், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாரில், தோலுக்கடியில் சிறு கீறல் போட்டால் குதிரை நொண்டும். பயிற்சியில் ஏற்பட்ட சுளுக்கு என்று அக்காலத்தில் எவரும் எண்ணியிருப்பார்கள். ஆனால் கதை சொல்வதுபோல் சுவடே இல்லாமல் போகாது. தசைநாண் காயம்பட்ட இடம் விரைவிலேயே சூடேறி வீங்கும், தொட்டால் குதிரை காலை இழுத்துக்கொள்ளும், இன்றைய அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்தால் நார்கள் அறுந்த இடம் கருமையாகத் தெரியும். அந்த நார்கள் ஆறப் பல மாதங்கள் ஆகும்; ஆறிய பின்னும் பழைய வலு முழுமையாகத் திரும்புவதில்லை. ‘சிறு கீறல்’ என்று கதாபாத்திரங்கள் எளிதாகச் சொல்வது, பந்தயக் குதிரையின் தொழில் வாழ்வையே முடித்துவிடக்கூடிய காரியம்.

அபினைப் பையனுக்குக் கொடுத்தவர் குதிரைக்கும் கொஞ்சம் கொடுத்திருக்கலாமே என்று சிலர் நினைக்கலாம். கொடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். அபின் வகை மருந்துகள், அளவு கூடினால், மனிதரை மயக்குவதுபோல் குதிரையை மயக்குவதில்லை. அது நிலைகொள்ளாமல் நடக்கத் தொடங்கும். (அபினில் உள்ள மார்பின் என்ற மருந்து, பந்தய நாளில் குதிரைகளுக்குத் தடைசெய்யப்பட்டது. கசகசா கலந்த தீவனத்தால்கூட அந்தத் தடை மீறப்பட்டுவிடலாம். இரண்டாம் எலிசபெத் அரசியின் எஸ்டிமேட் என்ற குதிரை 2014 அஸ்காட் தங்கக் கோப்பையில் பெற்ற இரண்டாமிடத்தை, தீவனத்தில் இருந்த மார்பினால் இழந்தது.) ஆகவே ஸ்ட்ரேக்கர், முழு விழிப்போடு நின்ற ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள விலங்கின் பின்புறம், நள்ளிரவில், தனியாகச் சென்று நின்றார். அதன் பிறகு ஒரு தீக்குச்சியைக் கிழித்தார்.

திடீர் வெளிச்சத்தில் மிரண்ட குதிரை, தனக்குத் தீங்கு நேரப்போகிறது என்பதை விலங்குகளுக்கே உரிய உள்ளுணர்வால் அறிந்து உதைத்தது என்று ஹோம்ஸ் முடிக்கிறார். முதல் பாதி போதும். பிற்பாதி தேவையே இல்லை. குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால், அது ஏறக்குறைய 350 பாகை அளவுக்குச் சுற்றிலும் பார்க்கும். பார்க்க முடியாத இடங்களில் முக்கியமானது வாலுக்கு நேர் பின்னால் உள்ள பகுதி. இருட்டில் நன்றாகப் பார்க்கும் கண் அது, ஆனால் இருளிலிருந்து வெளிச்சத்துக்கு மாறிக்கொள்ள நம் கண்ணைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். பார்வை எட்டாத இடத்தில் பளிச்சென்று நெருப்பு தோன்றினால், கத்தியோடு வந்தவராயினும் வெல்லம் கொண்டுவந்தவராயினும் குதிரைக்கு ஒன்றுதான். முடிந்தால் ஓடும், முடியாவிட்டால் உதைக்கும்.

இதற்குக் கதையிலேயே ஒரு சான்று இருக்கிறது, பலரும் அதை வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். அன்றிரவு லாயத்து நாய் குரைக்கவில்லை. வந்தவர் தெரிந்தவர் என்பதை ஹோம்ஸ் அதிலிருந்துதான் ஊகிக்கிறார். நாய்க்குத் தெரிந்தவர் குதிரைக்கும் தெரிந்தவர்தானே? ஸ்ட்ரேக்கர் அந்த லாயத்தில் ஏழாண்டுகள் பயிற்சியாளராக இருந்தவர், சில்வர் பிளேஸுக்கோ ஐந்து வயதுதான். அவரை நம்பித்தான் அது இருட்டில் பின்தொடர்ந்து வந்தது. ஆளை அடையாளம் காண்பது ஒன்று, மிரள்வது வேறொன்று. முதலாவது இருப்பதால் இரண்டாவது நடக்காமல் போவதில்லை.

லாயங்களில் நான் மீண்டும் மீண்டும் கேட்பது இதற்கு நேர் எதிரான பேச்சு: “இது என் குழந்தை மாதிரி சார், என்னை உதைக்காது.” புதிதாக வந்தவர் பயந்துகொண்டே எட்டி நிற்பார், அதனால் தப்பிவிடுவார். அடிபடுபவர் பெரும்பாலும் அந்தக் குதிரையைப் பல ஆண்டுகள் குளிப்பாட்டி, தீவனம் வைத்த சைஸ், அதாவது குதிரைக்காரர்தான். அவர் குரல் கொடுக்காமல் பின்பக்கமாகப் போவார், கட்டு அவிழ்க்க மண்டியிட்டு உட்காருவார், ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் வாலை ஒதுக்குவார். நல்லவரைக் குதிரைக்குத் தெரியும் என்ற நம்பிக்கையின் மறுபக்கமும் எனக்கு உடன்பாடில்லை. உதைத்த குதிரைக்குக் கெட்ட எண்ணம் என்று சொல்லி அதைச் சவுக்கால் அடிப்பார்கள். அடிவாங்கிய குதிரை, பின்னால் மனிதர் வந்தாலே வலி வரும் என்று கற்றுக்கொள்ளும். அடுத்த உதை இன்னும் விரைவாக வரும்.

நின்று வேலை செய்யும் முறையில்தான் பாதுகாப்பு இருக்கிறது. உதையின் வேகம் கால் முழுதாக நீளும்போது உச்சத்தில் இருக்கும். ஆகவே மிக ஆபத்தான இடம் உடலிலிருந்து சில அடி தள்ளிய நடுத்தொலைவு. ஒன்று, தோள்பக்கமாகப் பேசிக்கொண்டே வந்து, உடம்பில் கை வைத்து, ஒட்டியே நிற்க வேண்டும். இல்லையேல் கால் எட்டவே முடியாத தூரத்தில் நடந்துபோக வேண்டும். ஒட்டி நின்றாலும் குதிரை பக்கவாட்டில், முன்னோக்கிக்கூட, பின்னங்காலை வீசும் என்பதை மறக்கக் கூடாது. பின்னங்காலில் நான் வேலை செய்யும்போது, கடிவாளத்தைப் பிடித்திருப்பவர் நான் நிற்கும் அதே பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். குதிரை கலைந்தால் அவர் தலையைத் தம் பக்கம் இழுப்பார், அதன் பின்பகுதி எங்களைவிட்டு விலகும். எதிர்ப்பக்கத்தில் நின்று இழுத்தாரானால் பின்பகுதி என்மீது வந்து சாயும். மண்டியிடுவதும் தரையில் அமர்வதும் கூடாது. குந்தினால்தான் ஒரே எட்டில் விலக முடியும். சைலஸின், டெட்டொமிடின் போன்ற மயக்க மருந்துகள் ஸ்ட்ரேக்கர் காலத்தில் இல்லை. இன்று அவை கையில் இருந்தாலும், தலை தொங்கி, உதடு தளர்ந்து நிற்கும் குதிரைகூட ஒரு தொடுதலுக்குச் சட்டென்று, குறி தவறாமல் உதைத்துவிடும். மயக்கத்தில் இருக்கிறது என்ற துணிச்சலில் நெருங்கி அடிபட்ட அனுபவசாலிகளை எனக்குத் தெரியும்.

தீக்குச்சியின் இடத்தை இப்போது கைபேசியின் ஃபிளாஷ் பிடித்துக்கொண்டது. கடற்கரைச் சவாரிக் குதிரையோடும், திருமண ஊர்வலக் குதிரையோடும் படம் எடுப்பவர்கள், குறிப்பாகக் குழந்தைகளை அதன் பின்னால் நிற்கவைப்பவர்கள், இதைப் படித்தால் நல்லது. ஊர்வலத்தில் வெடியும் மேளமும் சேரும்போது குதிரை ஏற்கெனவே பாதி மிரண்டிருக்கும். தலைக்கவசத்தைப் பொறுத்தவரை, சவாரிக்கு ஏறும்போது மாட்டிக்கொள்பவர் கீழே இறங்கியதும் கழற்றிவிடுகிறார். பின்னங்கால் தலை உயரத்துக்கு எட்டுவது அவர் தரையில் குனிந்து வேலை செய்யும்போதுதான்.

உதை விழுந்த பிறகு நடப்பதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. தலையில் அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து, ஒன்றுமில்லை என்று சொல்லி, டீ குடித்துவிட்டு மீண்டும் வேலைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். அடிபட்ட மண்டை ஓட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் இடையே இரத்தம் கசியத் தொடங்கினால், சில மணி நேரம் ஆள் தெளிவாகப் பேசிக்கொண்டே இருப்பார். பிறகுதான் தலைவலி, வாந்தி, உறக்கம் என்று சரிவார். அந்தத் தெளிவை நம்பி வீட்டுக்கு அனுப்பக் கூடாது, அன்றே சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வயிற்றில் விழுந்த உதையும் அப்படித்தான்: வெளியே கன்றிய தடம்கூட இல்லாமல் உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கிழிந்திருக்கலாம். சம்பளம் பிடிப்பார்களோ என்ற அச்சத்தில் ‘தடுக்கி விழுந்தேன்’ என்று சொல்பவர்களும் உண்டு. அதனால் மருத்துவர் காயத்தின் வேகத்தைக் குறைத்து மதிப்பிட நேரும். குதிரை உதைத்தது, லாடம் அடித்த காலால், இத்தனை மணிக்கு, என்று கூடவே செல்பவர் சொல்லிவிட வேண்டும். தோல் கிழிந்திருந்தால் டெட்டனஸ் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது என்பதையும் சொல்ல வேண்டும். லாயத்து மண்ணிலும் சாணத்திலும் அந்தக் கிருமியின் விதைகள் நெடுங்காலம் உயிரோடு கிடக்கும்.