பெயின்ற் அடிக்கமுன் றப்பரை வாங்குங்கள்

கார்த்திகை மழை இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த காலை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் மொறிஸ் மைனரை என் கராச்சுக்குக் கொண்டுவந்தார். இரண்டு வருடத்துக்கு முன் வேறோர் இடத்தில் முழுதாகத் திருத்திய கார். எஞ்சின் புதுசு, குஷன் புதுசு, பெயின்றில் முகம் பார்க்கலாம்.

"தம்பி, உள்ளுக்கு ஏதோ மணக்குது. ஊறின சாக்கு மணம்" என்றார்.

சாரதிப் பக்கக் கால்மிதியைத் தூக்கினேன். கீழே விரித்திருந்த சணல் விரிப்பு தண்ணீரில் மிதந்தது. அதையும் உரித்துவிட்டு ஸ்குறூ டிறைவர் முனையால் தளத் தகட்டைத் தட்டிப் பார்த்தேன். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டின் ஓரத்தில் முனை அப்படியே உள்ளே போய்விட்டது. பிறகு கதவைச் சுற்றிப் பார்த்தேன். கார் கப்பலேறி வந்த காலத்து றப்பர். கல்லாய் இறுகி, மூலைகளில் வெடித்திருந்தது. அதன் மேலேயே பெயின்ற் தூவல் படிந்திருந்தது.

"எல்லாத்துக்கும் செலவழிச்சுக் கடைசியில கையில காசில்லை, தம்பி. றப்பர்தானே, பிறகு பாப்பம் எண்டு விட்டிட்டன்."

தகரவேலை செய்யும் எனக்கு இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் மனம் வலிக்கும். அவரைக் குற்றம் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025 இல்தான். இடைப்பட்ட வருடங்களில், மாமரத்துக்குக் கீழே கிடந்த பழைய கார்களைப் பலர் எழுப்பினார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பகுதி பகுதியாகச் செய்தார்கள். அப்படிச் செய்யும்போது கண்ணுக்குத் தெரிகிற வேலை முதலில் முடிகிறது, தெரியாத வேலை பிந்துகிறது. கதவு றப்பர், கண்ணாடி றப்பர், டிக்கி றப்பர், நாங்கள் மொத்தமாகப் பீடிங் என்று சொல்கிற இவை எல்லாவற்றுக்கும் கடைசியில் நிற்கின்றன. பழைய கார் ஒன்றைக் குறைந்த செலவில் திருத்த நினைக்கிற எல்லோருக்கும் நான் சொல்ல வருவது இதைத்தான்: பீடிங்கைக் கணக்கின் கடைசி வரியில் எழுதாதீர்கள். பெயின்றுக்கு முந்திய வரியில் எழுதுங்கள்.

திருகோணமலையில் இது இன்னும் முக்கியம். வாடைக் காலத்து மழை இங்கே நேராக விழுவதில்லை. கடலிலிருந்து காற்று அதைச் சாய்த்துக்கொண்டு வரும். டச்பே ஓரத்திலோ உப்புவெளியிலோ நிறுத்தி வைத்த காரின் கதவு இடுக்கில் அந்த மழை நுழைகிறது, அதோடு காற்றிலுள்ள உப்பும் நுழைகிறது. மழை விட்டதும் தண்ணீர் காயும். உப்பு காயாது, தகட்டிலேயே தங்கி, அடுத்த ஈரக் காற்றுக்கு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். பிறகு கச்சான் காற்று வரும். அந்த வறண்ட வெயிலில் றப்பரின் மென்மை போய்விடும். மலைநாட்டில் இதே கார் இன்னும் பல வருடம் தாங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

மொறிஸ் மைனரில் இன்னொரு விஷயம் உண்டு. 1948 முதல் 1971 வரை பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்த கார் அது. அதன் சாதாரண காருக்கும் கூரை மடிக்கிற கன்வர்ட்டிபிளுக்கும் தனிச் சட்டகம் கிடையாது. உடலே சட்டகம். கதவுக்குக் கீழுள்ள பெட்டித் தகடும் தளமும்தான் வண்டியைத் தாங்குகின்றன. அங்கே துரு பிடித்தால் கார் நடுவில் தொய்யத் தொடங்கும், கதவு பூட்டில் சரியாக விழாது. றப்பருக்கு மிச்சம் பிடித்த காசு வெல்டிங்குக்குப் பல மடங்காகப் போகும். கார் கொண்டுவந்த ஆசிரியருக்கும், எங்கள் மாஸ்டருக்கும், அதுதான் நடந்தது.

என்ன றப்பர் வாங்குவது? 1876 இல் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு றப்பர் நாற்று வந்த நாடு இது. என்றாலும் கார்க் கதவுக்கு மரத்துப் பால் றப்பர் ஏற்றதல்ல. காற்றிலுள்ள ஓசோனும் வெயிலின் புற ஊதாக் கதிரும் அதை அரிக்கும். எங்கே இழுபட்டு நிற்கிறதோ அங்கே முதலில் வெடிக்கும், அதனால்தான் எப்போதும் மூலையில் கீறல் விழுகிறது. ஈபிடிஎம் என்ற செயற்கை றப்பர் இந்த இரண்டையும் நன்றாகத் தாங்கும். கடையில் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

பஞ்சு போன்ற றப்பராக இருந்தால் வாங்க முன் ஒரு விரல் நீளத் துண்டு கேட்டு வாங்கி வாருங்கள். தண்ணீருக்குள் பிடித்து நன்றாக அமுக்கி விட்டு, ஒரு இரவு ஊற வையுங்கள். காலையில் மேற்பரப்பைத் துடைத்துவிட்டுப் பிழியுங்கள். தண்ணீர் வந்தால் அதன் துளைகள் திறந்தவை, அந்த றப்பர் வேண்டாம். ஹாட்வெயார் கடையில் சுருளாக விற்கும் ஒட்டுப் பஞ்சு பெரும்பாலும் இந்த வகைதான். மலிவு, ஒட்டுவதும் லேசு. ஆனால் உப்புத் தண்ணீரை உறிஞ்சித் தகட்டோடு சேர்த்து அணைத்து வைத்திருக்கும். அதைவிட வெறும் இடைவெளியே நல்லது, காற்றாவது படும். சைக்கிள் டியூபைக் கீறி ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது அமுங்காத தோல், இடைவெளியை நிரப்பாது.

காசு குறைவென்றால் எங்கே குறைக்கலாம்? முன் கண்ணாடி றப்பரிலும் முக்கோணக் கண்ணாடி றப்பரிலும் குறைக்க வேண்டாம். அவை அந்தந்தக் காருக்கென்று அச்சில் வார்த்தவை, மூலை வளைவு அதிலேயே இருக்கும். நேர்த்துண்டை வெட்டி வளைத்தால் மூலை மடிந்து ஒழுகும். மைனரில் 1956 வரை கண்ணாடி இரண்டு துண்டு, அதற்குப் பிறகு வளைந்த ஒற்றைக் கண்ணாடி. எது என்று சொல்லாமல் ஓடர் கொடுத்து ஏமாந்தவர்களைக் கண்டிருக்கிறேன். கதவுக்கும் டிக்கிக்கும் அடிக்கணக்கில் விற்கும் றப்பர் போதும். கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் பார்சலாக எடுப்பிக்கலாம். தகட்டு விளிம்பு எழும்பி நிற்கும் கார்களுக்கு, கழற்றிய ஜப்பான் வான்களின் கதவு பீடிங்கும் பொருந்தும். அதன் உள்ளே மெல்லிய இரும்புப் பட்டி இருக்கிறது, வெட்டுமுனையில் துரு தெரிந்தால் எடுக்காதீர்கள். நல்லதென்றாலும் நீங்கள் வெட்டிய முனையில் பெயின்ற் தொட்டு வையுங்கள்.

அடுத்தது தடிப்பு. அநேகம் பேர் தடித்தது நல்லது என்று நினைக்கிறார்கள். தடித்த றப்பர் போட்ட கதவை அடித்துச் சாத்த வேண்டியிருக்கும், கொஞ்ச நாளில் பிணைச்சல் தளரும், கதவு தொங்கும். இடைவெளியை அளக்க நான் கோதுமை மாவைப் பாவிக்கிறேன். ரொட்டிக்குக் குழைப்பதைவிடக் கொஞ்சம் இறுக்கமாகக் குழைத்து, சிறு உருண்டைகளாகப் பொலித்தீனில் சுற்றி, பழைய றப்பரை உரித்த கதவு நிலையைச் சுற்றி எட்டுப் பத்து இடத்தில் வையுங்கள். கதவை மெதுவாகப் பூட்டித் திறந்தால் உருண்டைகள் அமுங்கியிருக்கும். அந்தத் தடிப்பை அளந்து எழுதுங்கள். 9 மில்லிமீற்றர் வந்தால் 12, 13 மில்லிமீற்றர் குழாய் றப்பர் சரியாக இருக்கும். நாலிலொரு பங்கிலிருந்து மூன்றிலொரு பங்கு வரை அமுங்க வேண்டும். ஒரு மூலையில் 6, எதிர்மூலையில் 14 என்று வந்தால் றப்பர் வாங்கப் போகாதீர்கள், முதலில் பிணைச்சலைச் சரி பண்ணுங்கள். எந்த றப்பரும் கோணிய கதவை நேராக்காது. பெயின்றுக்கு முன் செய்யுங்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணமே இதுதான். அப்போது தட்டலாம், வெல்டிங் பிடிக்கலாம், விளிம்பை நிமிர்த்தலாம். பெயின்ற் அடித்த பிறகு பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடியும்.

அளந்து, வாங்கி, ஒட்டாமல் வைத்துப் பார்த்து, கழற்றி எடுத்து வையுங்கள். பெயின்ற் அடித்து ஒரு வாரம் பத்து நாளாவது காயவிட்ட பிறகே ஒட்டுங்கள். அவசரப்பட்டால் பசை பெயின்றை உரித்துக்கொண்டு வரும். குஷன்காரர் பூசுகிற மஞ்சள் பசை போதும். இரண்டு பக்கமும் மெல்லிதாகப் பூசி, விரலில் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் அமர்த்துங்கள். இழுத்து ஒட்டாதீர்கள். இழுத்த றப்பர் சில வாரத்தில் சுருங்கித் தன் பழைய நீளத்துக்குப் போகும், பொருத்தில் இடைவெளி விழும். சற்றுக் கூடுதலாக விட்டு, நெருக்கித் தள்ளிப் பொருத்துங்கள். பொருத்து கதவின் அடிப்பக்கம் வரட்டும். முனைகளைச் சேர்க்க ஒரு துளி சுப்பர் குளூ போதும்.

ஒன்றை மட்டும் கையால் தொடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். கண்ணாடி ஒழுகினால் சுற்றிவர சிலிக்கன் அடிப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. பிதுக்கும்போது வினாகிரி வாசம் வருகிற சிலிக்கன், காயும்போது அமிலத்தை விடும். அது வெறும் இரும்பில் பட்டால் துருவைத் தானே தொடக்கி வைக்கும், மேலே மூடியிருப்பதால் வெளியே தெரியவும் மாட்டாது. பெயின்ற் குமிழ் விட்டு எழும்பும்போதுதான் தெரியவரும். கண்ணாடி றப்பருக்கென்று விற்கும் இறுகாத பசையைக் கேட்டு வாங்குங்கள்.

முன் கண்ணாடியைத் தனியாக ஏற்ற முயல வேண்டாம், இருவர் தேவை. பார்சலில் மடிந்து வந்த றப்பரை ஒரு மணித்தியாலம் வெயிலில் விரித்துவிட்டால் தன் வடிவுக்கு வந்துவிடும். கண்ணாடியைச் சுற்றி றப்பரை மாட்டி, தகட்டில் உட்கார வேண்டிய வெளிப் பள்ளத்தில் கயிறு ஒன்றைச் சுற்றிவர இறக்கி, இரு முனையும் காருக்குள் தொங்கவிடுங்கள். சவர்க்காரத் தண்ணீர் தடவுங்கள். ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அமர்த்த, மற்றவர் உள்ளிருந்து கயிற்றை மெல்ல இழுத்தால் றப்பரின் உதடு தகட்டுக்கு மேல் ஏறி உட்காரும். மீன்பிடிச் சாமான் கடையில் 3, 4 மில்லிமீற்றர் நைலோன் கயிறு கிடைக்கும். தூண்டிலுக்குக் கட்டுகிற மெல்லிய தங்கூசியைப் பாவிக்காதீர்கள், உதட்டை அறுத்துவிடும்.

கதவின் அடி விளிம்பில் சிறு துளைகள் இருக்கும். ஷட்டர் கண்ணாடி இறங்கும் வாயால் எப்படியும் கொஞ்சத் தண்ணீர் கதவுக்குள் போகும். அது வெளியேறும் வழி அந்தத் துளைகள்தான். புது றப்பரையோ பட்டியையோ வைத்து அவற்றை மூடிவிட்டால் கதவு தொட்டியாகிவிடும். கம்பி ஒன்றால் குத்தித் துப்புரவாக்குங்கள், இதற்குச் செலவே இல்லை. கதவு மட்டைக்குப் பின்னால் ஒரு பொலித்தீனும் ஒட்டி விடுங்கள்.

டிக்கி றப்பரை நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன். ஓடுகிற காரின் பின்புறம் காற்றழுத்தம் குறைவு, சைலன்சர் புகை அங்கே சுழன்றுகொண்டு நிற்கும். டிக்கியில் இடைவெளி இருந்தால் அந்தப் புகை பின் சீற் வழியாக உள்ளே வரும். அதிலுள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கொழும்புக்கு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். ஒரு குடும்பம் பழைய காரில் போகும்போதெல்லாம் ஹபறணை தாண்டியதும் பிள்ளைகளுக்குத் தலையிடி, சத்தி. பயணக் களைப்பு என்றே நினைத்திருந்தார்கள். நான் டிக்கியைத் திறந்து பார்த்தபோது ஒரு பக்கத்தில் றப்பரே இல்லை. இராத்திரியில் டிக்கிக்குள் டோர்ச்சை எரியவிட்டுப் பூட்டி, வெளியிலிருந்து பாருங்கள். வெளிச்சம் தெரிந்தால் புகைக்கும் வழி இருக்கிறது. சைலன்சர் ஓட்டையையும் சேர்த்தே பாருங்கள். பழைய காரில் போகும்போது பிள்ளைகள் தலையிடி என்றால் உடனே நிறுத்தி, எல்லோரையும் வெளிக்காற்றுக்கு இறக்குங்கள்.

கதவைச் சோதிக்க, றப்பரில் பிள்ளைப் பவுடர் தடவிப் பூட்டித் திறந்து பாருங்கள். எதிர்த்தகட்டில் அடையாளம் விழாத இடத்தில் றப்பர் தொடவில்லை. பிறகு குழாய்த் தண்ணீர். கீழிருந்து தொடங்கி மேலே போங்கள், மேலேயே தொடங்கினால் எங்கே ஒழுகுகிறதென்று பிடிக்க முடியாது. பளபளப்புக்காகத் தேங்காயெண்ணெய் பூசினால் மணல்தான் ஒட்டும். மண்ணெண்ணெயும் கிறீஸும் ஈபிடிஎம் றப்பரை ஊதப் பண்ணும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்தால் உப்புப் போய்விடும்.

மாஸ்டரின் காருக்குத் தளத்தில் இரண்டு பக்கமும் தகடு வெட்டிப் போட்டோம். பெட்டித் தகடும் மாற்றினோம். கதவும் டிக்கியும் அடிக்கணக்கு றப்பர், முன் கண்ணாடிக்கு வார்த்தது. கதவுகள் முதல் இரண்டு வாரம் இறுக்கமாக இருக்கும், அடிக்க வேண்டாம், தோளால் அமர்த்துங்கள் என்று சொல்லி அனுப்பினேன். கால்மிதிகளுக்குக் கீழே நாலு பக்கமும் பழைய பேப்பர் ஒவ்வொன்று விரித்து விட்டேன், மழை பெய்ததும் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். தைமாதத்துக் கடைசி மழைக்குப் பிறகு நாலையும் கையோடு கொண்டுவந்தார். மூன்று உலர்ந்திருந்தன. முன் இடப்பக்கத்துப் பேப்பரின் ஓரத்தில் மட்டும் கையகல ஈரம். வைப்பர் தண்டு வெளியே வரும் துளையைச் சுற்றியிருந்த சிறு றப்பர் வளையம் பழையது. அதை மாற்ற நான் மறந்திருந்தேன். அவரை இருக்கச் சொல்லி, தேநீர் குடித்து முடிக்கமுன் மாற்றிக் கொடுத்தேன்.