காரை வெளியே நிறுத்தியது சேறு

பிரான்சில் மகன் வீட்டுக்குப் போய்த் திரும்பிய வாசகர் ஒருவர் சற்றுக் கோபமாகவே கேட்டிருக்கிறார்: "மோன் சான் மிஷேல் தீவைப் பார்க்கக் காரில் போனோம். இரண்டரை கிலோமீட்டருக்கு முன்பே வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். தீவு வரை நல்ல பாலம் இருக்கிறது, அதில் பஸ்ஸும் ஓடுகிறது. முழங்கால் வலிக்காரன் ஒருவனின் கார் போனால் என்ன குறைந்துவிடும்? சுற்றுச்சூழல் என்ற பெயரில் பயணிகளைப் படுத்துகிறார்களா?"

புகை, நெரிசல், பழமையின் அழகு என்று வழக்கமான பதில்கள் இருக்கின்றன. அவை பொய்யல்ல. ஆனால் அந்தத் தீவிலிருந்து கார்களை விரட்டிய முதல் காரணம் சேறு. கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் இதைச் சொல்ல முடியும்; வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பிரான்சின் வடமேற்கில், நார்மண்டியும் பிரெத்தாஞும் (ஆங்கிலத்தில் பிரிட்டனி) சந்திக்கும் மூலையில், குவேனோன் என்ற சிற்றாறு கடலில் கலக்கும் இடத்தில், தட்டையான பெரிய வளைகுடா ஒன்று இருக்கிறது. அதன் நடுவே ஒரு கருங்கல் பாறை. சுற்றளவு ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பாறையைச் சுற்றி மதில், மதிலுக்குள் ஒரே ஒரு தெரு, உச்சியில் மடாலயம். கோபுரத்தின் நுனியில் நிற்கும் அதிதூதர் மிக்கேலின் சிலை கடல்மட்டத்திலிருந்து 150 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. 708இல் அவ்ராஞ்ச் ஊரின் ஆயர் ஓபேரின் கனவில் மிக்கேல் வந்து கோயில் கட்டச் சொன்னார், ஆயர் தயங்கியதால் விரலால் மண்டையில் துளையிட்டார் என்பது ஐதிகம். துளையுள்ள மண்டையோடு ஒன்றை அவ்ராஞ்ச் தேவாலயத்தில் இன்றும் காட்டுகிறார்கள். 1979இல் தீவும் வளைகுடாவும் சேர்ந்தே யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயின. வளைகுடாவையும் சேர்த்ததுதான் முக்கியம்.

அங்கே ஓதம், அதாவது கடல் நாளுக்கு இரண்டுமுறை ஏறி இறங்குவது, நமக்குப் பழக்கமில்லாத அளவில் நடக்கிறது. சென்னைக் கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். மோன் சான் மிஷேலில் பெரிய நாட்களில் அது 14 மீட்டரைத் தொடும். நான்கு மாடிக் கட்டிடத்தின் உயரம். நிலவும் சூரியனும் நீரை இழுக்கின்றன என்ற பள்ளிப் பாடம் இரண்டு இடங்களுக்கும் பொதுவானதுதான். வித்தியாசம் கடற்கரையின் வடிவத்தில் இருக்கிறது. அட்லாண்டிக்கிலிருந்து ஆங்கிலக் கால்வாய்க்குள் நுழையும் ஓத அலை, பூமியின் சுழற்சியால் வலப்பக்கமாக, அதாவது பிரெஞ்சுக் கரையின் மேல் சாய்கிறது. எதிரே கோத்தாந்தேன் தீபகற்பம் குறுக்கே நிற்பதால் வந்த நீர் மூலையில் குவிகிறது. அதே கால்வாயின் ஆங்கிலேயக் கரையில், ஸ்வானேஜ் போன்ற ஊர்களில், கடல் இரண்டு மீட்டர்கூட ஏறுவது அரிது. பக்கத்து ஊரான சான் மாலோ அருகே, ரான்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில், 1966 முதல் ஓத மின்நிலையம் ஒன்று 240 மெகாவாட் திறனுடன் இயங்குவதற்குக் காரணமும் இந்தக் குவிப்புதான்.

இங்கே ஒரு சிறு விலகல். 1997 மார்ச் 9 அன்று சூரிய கிரகணம். மறுநாள் இந்த வளைகுடாவில் மிகப் பெரிய ஓதம். 2015 மார்ச் 20 அன்று மீண்டும் சூரிய கிரகணம். மறுநாள் மீண்டும் பெரும் ஓதம். பத்திரிகைகள் அதற்கு 'நூற்றாண்டின் ஓதம்' என்று பெயர் சூட்டின. பதினெட்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவது எப்படி நூற்றாண்டின் ஓதமாகும் என்பதைப் பத்திரிகைகளிடம்தான் கேட்க வேண்டும். கிரகணம் கடலைக் கிளப்பிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் சூரியன், நிலவு, பூமி ஒரே நேர்கோட்டில் வருவதுதான் இரண்டுக்கும் காரணம். அப்போது நிலவு பூமிக்கு அருகிலும் இருந்துவிட்டால் ஓதம் உச்சத்துக்குப் போகிறது. நீருக்கு நிறை அதிகம், உடனே அசைந்துவிடாது. அதனால் ஒரு நாளுக்கு மேல் தாமதித்து வருகிறது. பல ஆண்டுகளுக்கு முன்பே நிமிடக் கணக்கில் சொல்லிவிடக்கூடிய ஒரு கிரகணத்துக்காகச் சமைத்த சோற்றைக் கொட்டுவதும், கர்ப்பிணிப் பெண்ணை அறைக்குள் அடைப்பதும் எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை. அந்த மார்ச் 21 அன்று பிரெஞ்சுக்காரர்கள் ஆயிரக்கணக்கில் கரையில் கூடி வேடிக்கை பார்த்தார்கள். அதுவே முறை.

இப்போது சேற்றுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கடல் உள்ளே வருகிறது, அதே நீர் வெளியே போகிறது. வரும்போது மணலைக் கொண்டுவந்தால் போகும்போது எடுத்துச் சென்றுவிடாதா? கணக்கு நேராக வேண்டும் அல்லவா? ஆகாது. ஓதமும் ஒரு அலைதான், மிக நீளமான அலை. ஆழமில்லாத நீரில் இத்தகைய அலையின் வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பத்து மீட்டர் ஆழத்தில் விநாடிக்குச் சுமார் பத்து மீட்டர். ஆழம் இரண்டரை மீட்டராகக் குறைந்தால் வேகம் ஐந்து மீட்டர்தான். பெருங்கடலில் சில மீட்டர் ஏற்ற இறக்கம் பொருட்டே இல்லை. இந்த வளைகுடாவில் அப்படி இல்லை. அலையின் முகட்டுக்கு அடியில் ஆழம் அதிகம், பள்ளத்துக்கு அடியில் மிகக் குறைவு. ஆகவே முகடு வேகமாக வருகிறது, அதற்கு முன்னால் போகும் பள்ளம் தயங்குகிறது. பின்னால் வருவது முன்னால் போவதை நெருங்குகிறது. அலையின் முன்புறம் செங்குத்தாகிறது, பின்புறம் நீண்டு சரிகிறது. கடல் மளமளவென்று ஏறி, நிதானமாக வடிகிறது. மிகப் பெரிய நாட்களில் ஆற்று வாய்க்குள் நுழையும் நீரின் முன்விளிம்பு ஒரு சிறு சுவராகவே எழும்பி, இரைச்சலுடன் ஆற்றை எதிர்த்துப் போகும்.

ஒரே அளவு நீர் குறைந்த நேரத்தில் வந்து அதிக நேரத்தில் போகிறது என்றால், வரும் நீரின் வேகம் அதிகம். மணலைச் சுமக்கும் திறனோ வேகத்துக்கு ஏற்ப அப்படியே கூடுவதில்லை. தோராயமாக வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப எகிறுகிறது. கணக்குக்காக, கடல் நான்கு மணி நேரம் ஏறி எட்டு மணி நேரம் வடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறும் நீரின் வேகம் இருமடங்கு, அதன் சுமக்கும் திறன் எட்டு மடங்கு. நேரம் பாதிதான். ஆக, உள்ளே வருவது வெளியே போவதைப்போல நான்கு மடங்கு! இயற்கையில் இவ்வளவு சுத்தமாக எண்கள் விழாது என்றாலும் திசை இதுதான். ஒவ்வொரு ஓதமும் கொஞ்சம் வைத்துவிட்டுப் போகிறது. நாளுக்கு இரண்டு ஓதங்கள்.

நுண்ணிய வண்டலுக்கு இன்னொரு தந்திரமும் உண்டு. கடல் உச்சத்தைத் தொட்டதும் நீர் சிறிது நேரம் அசையாமல் நிற்கிறது. மிதந்து வந்த துகள்கள் அப்போது அடியில் படிகின்றன. மிதக்கும் துகளைச் சுமந்து செல்ல மெல்லிய ஓட்டம் போதும். படிந்து ஒட்டிக்கொண்டதைப் பெயர்க்க அதைவிட வலுவான ஓட்டம் வேண்டும். வடியும் நீரின் தொடக்கம் அவ்வளவு வலுவாக இருப்பதில்லை. இப்படிச் சேர்வது சாம்பல் நிறத்தில், சிப்பித் தூள் கலந்த மாவுபோன்ற வண்டல். உள்ளூர்ப் பெயர் தாங்க். சுண்ணாம்புச் சத்து உள்ளதால் அந்த வட்டாரத்து விவசாயிகள் வண்டி வண்டியாக அள்ளி வயலுக்கு உரமாகப் போட்டிருக்கிறார்கள். மேடு கொஞ்சம் உயர்ந்ததும் உப்புநிலப் புல் முளைக்கிறது, புல் இன்னும் வண்டலைப் பிடிக்கிறது, பிறகு ஆடுகள் வந்து மேய்கின்றன. கடல் தன் கையாலேயே தன்னை வெளியே தள்ளிக்கொள்கிறது.

இதை எதிர்த்து நின்றவை இரண்டு: இடம் மாறி மாறி ஓடி மேடுகளைக் கரைத்த ஆறுகள், பாறையைச் சுற்றி ஓடிய நீரோட்டம். மனிதர்கள் இரண்டையும் கட்டிப்போட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் குவேனோனுக்குக் கரை எழுப்பி நேராக்கி, மீட்ட நிலத்தில் பயிர் வைத்தார்கள். 1879இல் கரையிலிருந்து தீவுக்கு மண்ணும் கல்லும் கொட்டி நிரந்தரச் சாலை போட்டார்கள். பாறையைச் சுற்றிவந்த நீருக்கு வழி அடைபட்டது. 1969இல் குவேனோனின் வாயில் ஓர் அணை கட்டி, கடல்நீர் ஆற்றுக்குள் ஏறாமல் தடுத்தார்கள். ஏறாத நீர் திரும்பி வந்து சேற்றைக் கழுவவும் இல்லை. அந்த 1879 சாலையின் ஓரத்திலும் பாறையின் அடிவாரத்து மணலிலும்தான் கார்கள் வரிசையாக நின்றன. பெரும் ஓத நாட்களில் கீழ்ப்பகுதி நீரில் மூழ்கும். வண்டியை எடுக்கும்படி அறிவிப்பு வரும். இப்படியே விட்டால் 2040 வாக்கில் தீவைச் சுற்றிக் கடல் இருக்காது, புல்வெளிதான் இருக்கும் என்று கணித்தார்கள்.

ஆகவே சாலை போக வேண்டும். சாலை போனால் கார் நிறுத்தும் இடமும் போக வேண்டும். வாசகரின் கேள்விக்கு விடை இவ்வளவுதான்.

பழைய அணைக்குப் பதில் 2009இல் புதிய அணை வந்தது. இதன் எட்டு மதகுகளும் கடலைத் தடுப்பதற்காக அல்ல, பயன்படுத்துவதற்காக. கடல் ஏறத் தொடங்கும்போது, நீரில் வண்டல் அதிகமாக இருக்கும் வேளையில், மூடிக்கொள்கின்றன. உச்சத்தை நெருங்கும்போது திறந்து, தெளிந்த மேல்நீரை ஆற்றுக்குள் அனுமதிக்கின்றன. பிறகு நீரைப் பிடித்துவைத்து, கடல் வடிந்து ஒதுங்கியபின் திறந்துவிடுகின்றன. தீவின் இருபுறமும் பிரித்துவிட்ட கால்வாய்கள் வழியே அந்த நீர் வண்டலை வாரிக்கொண்டு போகிறது. வடியும் கடலுக்கு இல்லாத வேகத்தை மனிதன் சேர்த்துக் கொடுக்கிறான். மேலே போட்ட கணக்கு தலைகீழாகிறது. 2012இல் கார்கள் கரைக்குப் போயின. 2014இல் மெல்லிய எஃகுத் தூண்கள்மேல் 760 மீட்டர் நீளப் பாலம் திறக்கப்பட்டு, பழைய சாலை தோண்டி எடுக்கப்பட்டது. தீவை ஒட்டிய மணல்மட்டம் இறங்கிவருகிறது.

மொத்தச் செலவு 20 கோடி யூரோ அளவுக்கு வந்தது. ஒரு பாறைக்கு இவ்வளவா என்று பிரான்சிலும் முணுமுணுத்தார்கள். என் கண்ணில் பட்டது வேறு: 1995இல் திட்டத்தை அறிவித்துவிட்டு, பத்தாண்டு கழித்துத்தான் வேலையைத் தொடங்கினார்கள். இடையில் கிரனோபிள் நகர ஆய்வகத்தில் வளைகுடாவின் சிறு மாதிரியைக் கட்டி, நீரை ஏற்றி இறக்கி, மணல் எங்கே போகிறது என்று பார்த்தார்கள். ஆய்வுக்குக் கொடுக்கும் காசை வீண் என்று நினைக்கும் அதிகாரிகளை அந்த மாதிரியின் முன்னால் ஒரு வாரம் உட்காரவைக்கலாம். சென்னைத் துறைமுகச் சுவர் எழும்பியபின் தெற்கே மெரினா அகன்றதையும் வடக்கே ராயபுரத்தைக் கடல் அரித்ததையும் கண்ட நாம்கூட இன்னும் கல்லை முதலில் கொட்டிவிட்டுப் பிறகுதான் ஆய்வறிக்கை கேட்கிறோம்.

இனி போகிறவர்களுக்கு. பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் ரென் நகரம் வரை வந்து, அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பஸ்ஸில் பயணிப்பது எளிது. அருகிலுள்ள ரயில் நிலையம் பொந்தோர்சோன், ஒன்பது கிலோமீட்டர். காரில் வந்தால் கரையில் நிறுத்திவிட்டு இலவசப் பஸ்ஸில் ஏறலாம். அந்தப் பஸ்ஸை உற்றுப் பாருங்கள்: இரண்டு முனைகளிலும் ஓட்டுநர் இருக்கை இருக்கும். பாலத்தில் வண்டி திரும்ப இடமில்லை. திரும்ப வட்டம் கட்டினால் அது நீரோட்டத்தை மறிக்கும். ஓட்டுநர் இறங்கி மறுமுனைக்கு நடந்துபோய் ஓட்டிச் செல்கிறார். தீவுக்குச் சில நூறு மீட்டர் முன்பே இறக்கிவிடுவார்கள். நடக்க முடிந்தவர்கள் முக்கால் மணி நேரத்தில் முழுத் தூரத்தையும் நடந்துவிடலாம். வழியில் அணையின் மேல் நின்று மதகு திறப்பதைப் பார்க்கலாம். பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள்.

தீவுக்குள் எங்கும் படிதான். மடாலயத்துக்கு ஏற முந்நூறுக்கு மேல் படிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் மதில்மேல் நடந்து திருப்தியடையலாம். மடாலயம் சிறைச்சாலையாக இருந்த 19ஆம் நூற்றாண்டில், ஒரு பெரிய மரச்சக்கரத்துக்குள் கைதிகளை நடக்கவைத்து, சரிவான கல்தடத்தில் மூட்டைகளை மேலே இழுத்தார்கள். சக்கரம் இன்னும் இருக்கிறது.

வற்றிய வளைகுடாவில் வெறுங்காலுடன் நடந்தும் தீவுக்கு வரலாம், வழிகாட்டியுடன் மட்டும். புதைமணல் ஆளை விழுங்கிவிடும் என்பது கட்டுக்கதை. நம் உடலைவிட அது அடர்த்தியானது, இடுப்புக்குமேல் இறங்காது. ஆனால் வெடுக்கென்று காலை உருவ முடியாது. விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் பாதத்தை இழுக்க, ஒரு நடுத்தரக் காரைத் தூக்கும் விசை தேவை என்று 2005இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். காலை மெல்ல ஆட்டி நீரை உள்ளே விட்டால் மணல் இளகும். ஆபத்து மணலில் இல்லை, நேரத்தில் இருக்கிறது: கடல் முகத்துக்கு எதிரே வராது, கால்வாய்கள் வழியே சுற்றி முதுகுக்குப் பின்னால் வந்துவிடும்.

எந்த நாளில் போவது? பிரான்சில் ஒவ்வொரு ஓதத்துக்கும் 20 முதல் 120 வரை ஓர் எண் கொடுத்து அட்டவணை வெளியிடுகிறார்கள். நூறைத் தாண்டிய நாளாகப் பாருங்கள். 110ஐத் தாண்டினால் பாலத்தின் முடிவிலுள்ள தாழ்வான தளமும் மூழ்கி, சிறிது நேரம் யாரும் உள்ளேயும் போக முடியாது, வெளியேயும் வர முடியாது. உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே மதில்மேல் இடம் பிடித்துக்கொள்வது நல்லது. அடுத்த 'நூற்றாண்டின் ஓதம்' 2033 மார்ச் 3 என்கிறது கணக்கு. தீவுக்குள் விடுதிகள் சிலவே. அறைக்கு இப்போதே எழுதிப்போட்டாலும் தவறில்லை.