ஆழ்கடல் குறுநத்தை ஓடு குப்பியில் கரைவது ஏன்?

செகுவென்சியா பேரினத்து நத்தைகள் ஆழ்கடல் தரையில் வாழ்பவை. உயரம் சில மில்லிமீட்டர்தான். ஓட்டுச்சுவர் மெல்லியது, முத்துப் பளபளப்புள்ளது. ஓட்டின் வாய் விளிம்பில் வளைந்த வெட்டுகள் இருக்கும். இனம் பிரிக்க இந்த வெட்டுகளும், உச்சியில் ஒட்டியிருக்கும் இளம்பருவ ஓடும் வேண்டும். மாதிரி கெட்டால் முதலில் போவதும் இவைதான்.

கெடுப்பது பெரும்பாலும் அமிலம். ஓடு கால்சியம் கார்பனேட்; மாதிரிகளைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்திலோ நாள்பட ஃபார்மிக் அமிலம் உருவாகும். பஃபர் (அமிலத்தை ஈடுகட்டும் பொருள்) சேர்க்காமல் அதில் போட்டால் ஓடு மங்கி, அரித்து, தொட்டதும் நொறுங்கும். டிஎன்ஏவும் சிதையும். மரபணு ஆய்வுக்கு 95 சதவீத எத்தனாலே போதும்.

ஆனால் உயிருள்ள நத்தையை நேரே எத்தனாலில் போடாதீர்கள். உடலை உள்ளிழுத்து, தன் ஓட்டு மூடியால் ஓட்டின் வாயை அடைத்துக்கொள்ளும். எத்தனால் உள்ளே போகாது. வெளியே நல்ல மாதிரி, உள்ளே அழுகல். ஒரு லிட்டர் நன்னீரில் 75 கிராம் மெக்னீசியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட்டைக் கரைத்து, அதே அளவு குளிர்ந்த கடல்நீர் சேர்த்து, அதில் விடுங்கள். உடல் வெளியே தளர்ந்து, ஊசிமுனை பட்டும் சுருங்காதபோது எத்தனாலுக்கு மாற்றுங்கள். உடலிலுள்ள நீர் எத்தனாலை நீர்க்கச் செய்யும். அதனால் மறுநாள் புதிதாக மாற்றியே ஆக வேண்டும். அவசரத்தில் பலர் விட்டுவிடும் படி இது.

உலர் ஓட்டுக்கு எதிரி அலமாரியே. ஓக் போன்ற மரங்களும் மலிவான அட்டையும் அசிட்டிக், ஃபார்மிக் அமில ஆவிகளை விடும். ஈரப்பதமும் சேர்ந்தால் ஓட்டின்மேல் வெள்ளை உப்பு பூக்கும். இதற்கு 'பைன் நோய்' (Byne's disease) என்று பெயர்; பைன் மரமல்ல, ஆளின் பெயர். 1899இல் இதைப் பற்றி எழுதிய பைன், பாக்டீரியாவே காரணம் என்று நினைத்தார். நோயே இல்லை, வெறும் வேதிவினை. பூச்சிமருந்து தெளித்துப் பயனில்லை. காய்ச்சி வடித்த நீரில் அலசி, முழுக்க உலர்த்தி, உலோக அலமாரிக்கு மாற்றினால் அரிப்பு நிற்கும். போன நுண்கோடுகள் போனவைதான். பஞ்சும் வேண்டாம், இழை வாய் விளிம்பில் சிக்கி உடைக்கும்.

சீட்டைப் பென்சிலில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பால்பாயின்ட் மை எத்தனாலில் கரையும். இடம், ஆழம், தேதி, வலை வகை ஆகியவற்றோடு, உயிருடன் கிடைத்ததா வெற்று ஓடா என்பதும் கட்டாயம். வெற்று ஓடு கடலடி மேட்டிலிருந்து சரிந்து வந்திருக்கலாம், வெற்று ஓட்டுக்குள் குடியேறும் துறவி நண்டு சுமந்து வந்திருக்கலாம். அது கிடைத்த ஆழத்தை நத்தை வாழும் ஆழமாகப் பதிவு செய்யக் கூடாது.